ஆமிஷ் மக்களின் அன்றாட வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குதிரை வண்டி, கறுப்புத் தொப்பி, மின்சாரம் இல்லாத வீடு. ஆமிஷ் மக்களைப் பற்றித் தமிழில் வரும் குறிப்புகள் பெரும்பாலும் இந்த மூன்றோடு முடிந்துவிடுகின்றன. அவர்கள் காலத்தில் உறைந்துபோனவர்கள் என்ற எண்ணமும் அதிலிருந்தே பிறக்கிறது. உண்மையில், நவீன உலகத்தோடு நாள்தோறும் பேரம் பேசி, ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக எடைபோட்டு, சிலவற்றை ஏற்றும் சிலவற்றைத் தள்ளியும் வாழ்கிற சமூகம் அது. அந்த எடைபோடுதல் எப்படி நடக்கிறது, அதற்கு அவர்கள் கொடுக்கும் விலை என்ன என்பதை விளக்குவதற்காகவே, வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டு இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

ஆமிஷ் மக்கள் யார்? எங்கே வாழ்கிறார்கள்?

ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஒரு கிறிஸ்தவச் சபையினரே ஆமிஷ் மக்கள். 2024-ஆம் ஆண்டுக் கணிப்பின்படி அவர்களின் எண்ணிக்கை, குழந்தைகளையும் சேர்த்து, 4 லட்சத்தை எட்டியிருக்கிறது. இவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பென்சில்வேனியா, ஓஹாயோ, இண்டியானா ஆகிய மூன்று அமெரிக்க மாநிலங்களில் வாழ்கிறார்கள். பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் மாவட்டம், ஓஹாயோவின் ஹோம்ஸ் மாவட்டம், இண்டியானாவின் எல்க்ஹார்ட், லாக்ரேஞ்ச் மாவட்டங்கள் ஆகியவை மிகப் பெரிய குடியிருப்புகள். கனடாவில், குறிப்பாக ஒண்டாரியோவிலும் இருக்கிறார்கள். தாய்நிலமான ஐரோப்பாவில் இன்று ஆமிஷ் சபை ஒன்றுகூட இல்லை. ஜெர்மனியின் இக்ஸ்ஹைம் ஊரில் எஞ்சியிருந்த கடைசிச் சபையும் 1937-இல், அவர்களோடு பொது வேர் கொண்ட மெனோனைட்டு சபையோடு இணைந்துவிட்டது.

ஆமிஷ் என்பது ஒரே தலைமையின் கீழ் இயங்கும் அமைப்பு அன்று என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ள வேண்டும். அவர்களுக்குப் போப்பாண்டவர் போன்ற தலைவரோ தலைமையகமோ கிடையாது. ஏறக்குறைய 20 முதல் 40 குடும்பங்கள் கொண்ட ஒவ்வொரு சபை வட்டமும் தன் விதிகளைத் தானே வகுத்துக்கொள்கிறது. ஆகவே கீழே சொல்லப்படும் எதற்கும் விதிவிலக்கான ஒரு வட்டத்தை எங்காவது காண முடியும்.

அவர்களின் வரலாறு எங்கே தொடங்குகிறது?

1525-ஆம் ஆண்டு ஜனவரியில், சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில், சிலர் ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். குழந்தைப் பருவத்திலேயே ஞானஸ்நானம் பெற்றிருந்தும், விசுவாசத்தைத் தாமே அறிந்து ஏற்ற பிறகு பெறுவதுதான் செல்லும் என்று அவர்கள் நம்பினார்கள். 'மறுமுழுக்கினர்' என்று பொருள்படும் அனபாப்டிஸ்ட் என்ற பெயர் இதனால் வந்தது. அரசும் திருச்சபையும் ஒன்றாயிருந்த அந்தக் காலத்தில் இது ராஜத் துரோகத்துக்கு நிகரான குற்றம். ஆயிரக்கணக்கானோர் நீரில் அமிழ்த்தியும் எரித்தும் கொல்லப்பட்டார்கள்.

அந்தக் காலத்துக் கதை ஒன்று ஆமிஷ் வீடுகளில் இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லப்படுகிறது. 1569-இல் நெதர்லாந்தில் டிர்க் வில்லெம்ஸ் என்ற அனபாப்டிஸ்ட் சிறையிலிருந்து தப்பி, உறைந்த குளத்தின் மேல் ஓடினார். சிறையில் பட்டினி கிடந்து மெலிந்திருந்த அவரைப் பனிக்கட்டி தாங்கியது. துரத்தி வந்த காவலனின் காலடியில் அது உடைந்தது. தண்ணீரில் தத்தளித்தவனின் குரல் கேட்டு வில்லெம்ஸ் திரும்பி வந்தார், அவனைக் கரையேற்றினார், அங்கேயே பிடிபட்டார். அவரை உயிரோடு எரித்தார்கள். பகைவனுக்குத் தீங்கு செய்யாமை என்ற கொள்கையை ஆமிஷ் மக்கள் எவ்வளவு ஆழமாகக் கொண்டிருக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

1693-இல் யாக்கோப் அம்மான் என்ற மூப்பர், சபை ஒழுக்கம் தளர்ந்துவிட்டது என்று கருதித் தம்மைப் பின்பற்றியவர்களோடு பிரிந்தார். ஆமிஷ் என்ற பெயர் அவரிடமிருந்து வந்தது. வில்லியம் பென் நிறுவிய பென்சில்வேனியாவில் மதச் சுதந்திரம் கிடைத்ததால், 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து அவர்கள் அட்லாண்டிக் கடலைக் கடக்கத் தொடங்கினார்கள்.

மின்சாரத்தை அவர்கள் அறவே பயன்படுத்துவதில்லையா?

அதிகம் கேட்கப்படும் கேள்வியும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் செய்தியும் இதுவே. பெரும்பாலான ஆமிஷ் சபைகள் விலக்கியிருப்பது பொது மின்கம்பியிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்பை. 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லான்காஸ்டர் சபைகள் இந்த முடிவுக்கு வந்தன. மின்சாரம் தன்னளவில் பாவம் என்று அவர்கள் சொல்லவில்லை. அந்தக் கம்பி வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் அதன் வழியே என்னென்ன நுழையும் என்பதை யாராலும் கட்டுப்படுத்த முடியாது என்பதே அவர்களின் அச்சம். வானொலி, தொலைக்காட்சி, இணையம் ஆகியவை பின்னர் அடுத்தடுத்து வந்ததைப் பார்க்கும்போது, அந்த விவசாயிகள் எவ்வளவு தொலைநோக்கோடு யோசித்தார்கள் என்று வியக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் மின்கலத்தில் எரியும் விளக்கு, கேஸில் ஓடும் குளிர்ப்பெட்டி, டீசல் இயந்திரம் ஆகியவற்றைப் பல சபைகள் அனுமதிக்கின்றன. லான்காஸ்டரின் மரத் தச்சுப் பட்டறைகளில் இழைப்புளியும் துளைக்கருவியும் விசையோடு சுழல்கின்றன. அவற்றை இயக்குவது மின்சாரம் அன்று, கொட்டகைக்கு வெளியே டீசல் இயந்திரம் அழுத்திக் குழாய் வழியே அனுப்பும் காற்று. அதே காற்றில் ஓடும்படி தையல் இயந்திரங்களையும் மாற்றியமைத்திருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டை 'ஆமிஷ் மின்சாரம்' என்று அவர்களே அழைக்கிறார்கள். அண்மைக் காலத்தில் கூரையில் சூரிய ஒளித் தகடு வைத்த வீடுகளும் உண்டு.

இந்தப் பேரம் எப்படி நடக்கிறது என்பதற்குப் பால் வியாபாரம் நல்ல எடுத்துக்காட்டு. 1960-களின் பிற்பகுதியில் பால் நிறுவனங்கள், பாலைக் கேன்களில் வாங்க மாட்டோம், குளிரூட்டிய பெரிய தொட்டிகளில்தான் வாங்குவோம் என்றன. மறுத்தால் பல குடும்பங்களின் பிழைப்பே போய்விடும். சபைத் தலைவர்கள் யோசித்து, தொட்டியை டீசலால் குளிரூட்டலாம், பாலைக் கலக்கும் கருவியை 12 வோல்ட் மின்கலத்தால் இயக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பால் எடுக்க வண்டி வரக்கூடாது என்பதில் அசையாமல் நின்றார்கள்.

காரில் ஏறுகிறார்கள், ஆனால் கார் வாங்குவதில்லை. இது முரண்பாடு ஆகாதா?

வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அவர்களின் கணக்கு வேறு. குதிரை வண்டியில் ஒரு நாளில் சென்று திரும்பக்கூடிய தூரத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள்தான் உறவும் சபையும் வேலையும் அமைய முடியும். வீட்டுக்கு வீடு கார் நின்றால் மகன் ஐம்பது மைல் தொலைவில் வேலை தேடுவான், மகள் விருப்பப்பட்ட சபைக்குப் போவாள், பக்கத்து வீட்டார் அந்நியர் ஆவார்கள். மருத்துவமனைக்கோ தூரத்து உறவினர் வீட்டுச் சாவுக்கோ போக வேண்டுமானால், ஆமிஷ் அல்லாத ஓட்டுநர் ஒருவருக்குப் பணம் கொடுத்து அவருடைய காரில் செல்லலாம். காசும் முன்னேற்பாடும் தேவைப்படுவதால் அது அவசியத்துக்கு மட்டுமே என்று ஆகிவிடுகிறது.

தொலைபேசிக்கும் இதே நியாயம்தான். 1910-ஐ ஒட்டி லான்காஸ்டரில் தொலைபேசி வீட்டுக்குள் கூடாது என்று முடிவானது. இன்றும் பல ஊர்களில் வயல் ஓரத்தில், நின்றபடி பேசும் அளவே இடமுள்ள ஒரு மரக் கூண்டைக் காணலாம். அதற்குள் பல குடும்பங்களுக்குப் பொதுவான தொலைபேசி இருக்கும். பனி கொட்டும் இரவில் அங்கு நடந்து சென்று வம்பளக்க யாருக்கும் தோன்றாது. கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டியவர் மட்டுமே போவார். கைப்பேசிதான் இந்த ஏற்பாட்டை ஆட்டிப் பார்க்கிறது. சட்டைப் பைக்குள் மறையும் பொருளுக்கு வயல் ஓரத்தில் கூண்டு கட்ட முடியாது. கட்டுமான வேலைக்குப் போகும் ஆண்களிடமும் இளைஞர்களிடமும் அது பரவிவிட்டதைப் பற்றி ஆமிஷ் பெரியவர்கள் மிகுந்த கவலையோடு பேசுகிறார்கள். அவர்களின் நூறாண்டுப் பட்டறிவுக்கு வந்திருக்கும் மிகக் கடுமையான சோதனை இதுவே என்பது என் எண்ணம்.

இந்த விதிகளை யார் வகுக்கிறார்கள்?

விதிகளின் தொகுப்புக்கு 'ஓர்ட்னுங்' என்று பெயர். ஜெர்மன் மொழியில் ஒழுங்கு என்று பொருள். பெரும்பாலான சபைகளில் அது எழுதப்படுவதே இல்லை. பெண்களின் தொப்பி எவ்வளவு அகலம், வண்டிக்கு எந்த நிறம் என்பன எல்லாம் வாழ்ந்து பழகித் தெரிந்துகொள்ள வேண்டியவை. வண்டி நிறமே ஒரு முகவரிபோல இருக்கும்: லான்காஸ்டரில் சாம்பல், ஓஹாயோவில் கறுப்பு, பென்சில்வேனியாவின் மிஃப்லின் மாவட்டத்தில் ஒரு பிரிவினருக்கு வெள்ளை, மற்றொரு பிரிவினருக்கு மஞ்சள். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் திருவிருந்துக்கு முன்பு சபை கூடி ஓர்ட்னுங்கை எடுத்துப் பேசும். ஒருமனம் ஏற்படாவிட்டால் திருவிருந்தே தள்ளிப்போகும்.

போதகர்களை அவர்கள் தேர்ந்தெடுக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். போதகர் பணிக்கு இறையியல் படிப்பும் இல்லை, சம்பளமும் இல்லை; அது வாழ்நாள் பொறுப்பு. சபையின் ஆண்களும் பெண்களும் ஒவ்வொருவராகச் சென்று தகுதியானவர் என்று தாம் கருதும் ஒரு மணமான ஆணின் பெயரைக் காதோடு காதாகச் சொல்வார்கள். குறிப்பிட்ட எண்ணிக்கையில் பெயர் சொல்லப்பட்டவர்கள் முன்னே அழைக்கப்படுவார்கள். அவர்கள் எத்தனை பேரோ அத்தனை பாட்டுப் புத்தகங்கள் மேசைமேல் வரிசையாக இருக்கும். ஒன்றினுள் மட்டும் ஒரு துண்டுச் சீட்டு. ஒவ்வொருவரும் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு அமர, பிஷப் வரிசையாகத் திறந்து பார்த்து வருவார். "சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்" என்ற நீதிமொழி வசனம் அதில் எழுதப்பட்டிருப்பதுண்டு. சீட்டு யாருடைய புத்தகத்தில் இருக்கிறதோ அவர் அந்த நொடியில் போதகர் ஆகிறார். அங்கே கைதட்டலோ வாழ்த்தோ இருக்காது. காலையில் வெறும் விவசாயியாகப் புறப்பட்டு வந்த கணவனின் தோளில் இறங்கிய பாரத்தை எண்ணி மனைவி அழுவாள், சுற்றியிருப்பவர்களும் அழுவார்கள்.

ஞாயிறு வழிபாடு எப்படி இருக்கும்?

அவர்களுக்குத் தேவாலயக் கட்டடம் கிடையாது. இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை, முறைவைத்து ஒரு குடும்பத்தின் வீட்டிலோ கொட்டகையிலோ கூடுவார்கள். விசுப்பலகைகளைச் சுமந்து ஒரு வண்டி வீடு வீடாகச் சுற்றிக்கொண்டேயிருக்கும். ஆண்களும் பெண்களும் தனித்தனியே அமர, வழிபாடு ஏறக்குறைய மூன்று மணி நேரம் நடக்கும். 'அவுஸ்பண்ட்' என்ற அவர்களின் பாட்டுப் புத்தகத்தின் மையப் பாடல்கள், 1530-களில் பாசாவ் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்ட அனபாப்டிஸ்டுகள் இயற்றியவை. புத்தகத்தில் சொற்கள் மட்டுமே உண்டு, இசைக்குறிப்பு இல்லை. மெட்டு தலைமுறை தலைமுறையாக வாய்வழி வருகிறது. ஒருவர் முதல் அசையைத் தனியே இழுத்துப் பாட, பிறகு எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். நான்கே அடித்தொகுதிகள் கொண்ட 'லோப்லீட்' என்ற துதிப்பாடலைப் பாடி முடிக்க 20 நிமிடம்வரை ஆகும். இசைக்கருவி இல்லை, பலகுரல் இசைவும் இல்லை; தனி ஒரு குரல் மேலோங்கி நிற்கக்கூடாது என்பதற்காகவே அப்படி.

பிறகு எல்லோருக்கும் எளிய மதிய உணவு: ரொட்டி, பாலாடைக்கட்டி, ஊறுகாய், வேர்க்கடலை வெண்ணெயில் இனிப்புப் பாகு கலந்த ஒரு தடவல், காப்பி. எந்த வீட்டில் கூடினாலும் ஏறக்குறைய இதே உணவுதான்; விருந்துபசரிப்பில் யாரும் யாரையும் விஞ்ச இடமில்லை.

உடையில் ஏன் இவ்வளவு ஒற்றுமை? புகைப்படத்தை ஏன் மறுக்கிறார்கள்?

"இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல்" என்று ரோமர் நிருபத்தில் வரும் தொடரை அவர்கள் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்கிறார்கள். பெண்கள் ஒற்றை நிறத்தில் நீண்ட அங்கியும் மேலுடுப்பும் தலைத்தொப்பியும் அணிவார்கள். பல இடங்களில் அங்கியைப் பொத்தானால் மூடாமல் குண்டூசியால் குத்திக்கொள்வார்கள். ஆண்கள் மணமானதும் தாடி வளர்ப்பார்கள், மீசையை மழித்துவிடுவார்கள். ஐரோப்பாவில் மீசை படைவீரர்களின் அடையாளமாக இருந்ததே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

விக்கிரகம் செய்யாதே என்ற கட்டளையோடு, தற்பெருமையைப் பற்றிய அச்சமும் சேர்ந்ததால், முகத்தைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்வதை மறுக்கிறார்கள். குழந்தைகளின் துணிப் பொம்மைகளுக்கும் பல வீடுகளில் கண்ணும் மூக்கும் தைப்பதில்லை. 'ஹோக்மூட்' என்கிற செருக்கைவிடப் பெரிய குற்றம் அவர்களுக்கு இல்லை.

வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள்?

ஜெர்மனியின் பாலடினேட்டுப் பகுதி வழக்கிலிருந்து வளர்ந்த பென்சில்வேனியா டச்சு. வேதத்துக்கும் பாட்டுக்கும் பழைய எழுத்து ஜெர்மன். பள்ளிக்கும் வெளியாரிடம் பேசவும் ஆங்கிலம். தம் சபையைச் சாராதவர் யாராயினும், எந்த நாட்டினராயினும், அவரை 'இங்கிலீஷ்காரர்' என்றே குறிப்பிடுவார்கள். லான்காஸ்டர் சந்தைக்குப் போகும் தமிழரும் அவர்கள் கணக்கில் இங்கிலீஷ்காரர்தான்.

எல்லோரும் விவசாயிகளா?

ஒரு காலத்தில் அப்படியிருந்தது. இன்று லான்காஸ்டரில் விவசாயத்தை நம்பியிருக்கும் குடும்பங்கள் பாதிக்கும் குறைவு. நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போக, ஒவ்வொரு வீட்டிலும் ஆறேழு பிள்ளைகள் இருக்க, எல்லோருக்கும் பங்கு பிரிக்க எங்கே நிலம்? ஆகவே மரச்சாமான், தோட்டக் கொட்டகை, குதிரைச் சேணம், ரொட்டி என்று சிறுதொழில்கள் பெருகின. வடக்கு இண்டியானாவில் பல ஆமிஷ் ஆண்கள் வீட்டுவசதி கொண்ட பயண ஊர்திகளைத் தயாரிக்கும் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள்; கார் வைத்துக்கொள்ளாதவர்கள் பிறரின் உல்லாசப் பயணத்துக்கு வண்டி கட்டிக் கொடுக்கிறார்கள். தந்தை பகலெல்லாம் வெளியே போய்விடுவது பிள்ளை வளர்ப்பைக் கெடுக்கும் என்று அஞ்சுபவர்கள், மலிவான நிலம் தேடி வேறு மாநிலங்களில் புதுக் குடியிருப்பு அமைக்கப் புறப்பட்டுவிடுகிறார்கள்.

பால் மாடு வைத்திருக்கும் வீட்டில் நாள் விடியுமுன்பே தொடங்கும். முதல் கறவை முடிந்த பிறகுதான் காலை உணவு. வயலில் பெல்ஜியக் குதிரைகளோ கோவேறு கழுதைகளோ ஏர் இழுக்கும். சாலையில் வண்டி இழுக்கும் குதிரை வேறு, அது பெரும்பாலும் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற ஸ்டாண்டர்ட்பிரெட் இனம். திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள்: வீட்டிலிருந்து கொட்டகையின் உச்சிவரை கப்பியில் ஓடும் கொடியில் கறுப்புக் காற்சட்டைகளும் நீல, ஊதா அங்கிகளும் அளவு வரிசையில் தொங்கும். கோடை முடிவில் தக்காளி, பீச், பீன்ஸ் எல்லாம் கண்ணாடிப் புட்டிகளில் அடைபட்டு நிலவறை அடுக்குகளை நிரப்பும். முதுமை அடைந்த பெற்றோர் பண்ணையை மகனுக்கோ மகளுக்கோ விட்டுவிட்டு, அதே வீட்டோடு ஒட்டிக் கட்டிய 'தாத்தா வீட்டுக்கு' மாறிக்கொள்வார்கள்.

குழந்தைகள் ஏன் எட்டாம் வகுப்போடு நிற்கிறார்கள்? அரசு எப்படி அனுமதிக்கிறது?

ஆமிஷ் குழந்தைகள் பெரும்பாலும் தம் சமூகமே நடத்தும் ஓரறைப் பள்ளியில் படிக்கிறார்கள். எட்டு வகுப்புகளும் ஒரே அறையில், அநேகமாக ஒரு மணமாகாத இளம்பெண்ணின் பொறுப்பில் நடக்கும். அவரும் எட்டாம் வகுப்பே படித்தவர். அதற்கு மேற்பட்ட பள்ளிப்படிப்பு போட்டியையும் தன்முனைப்பையும் வளர்த்துப் பிள்ளையைச் சபையிலிருந்து பிரித்துவிடும் என்பது அவர்களின் நம்பிக்கை.

இதற்காக அவர்கள் நீண்ட காலம் அபராதமும் சிறையும் அனுபவித்தார்கள். 1965-இல் அயோவா மாநிலத்தின் ஹேசல்டன் அருகே, பிள்ளைகளைப் பொதுப்பள்ளிக்கு ஏற்றிச் செல்ல அதிகாரிகள் பேருந்தோடு வந்தபோது, குழந்தைகள் சோளக்காட்டை நோக்கித் தெறித்து ஓடினார்கள். அந்தப் புகைப்படம் நாடெங்கும் பேசப்பட்டது. விஸ்கான்சின் மாநிலத்தில் 14, 15 வயதுப் பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பாத மூன்று தந்தையருக்குத் தலைக்கு 5 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. வழக்காடுவது ஆமிஷ் வழக்கம் அன்று என்பதால், லூத்தரன் போதகர் வில்லியம் லிண்ட்ஹோம் முதலான வெளியார் ஒரு குழு அமைத்து வழக்கை நடத்தினார்கள். 1972 மே 15 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'விஸ்கான்சின் எதிர் யோடர்' வழக்கில் ஆமிஷ் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பில் நீதிபதி வில்லியம் டக்ளஸ் ஒரு பகுதியில் மாறுபட்டார். பெற்றோரின் விருப்பம் தெரிகிறது, பிள்ளையின் விருப்பத்தை யார் கேட்டார்கள் என்பதே அவருடைய வினா. ஆமிஷ் வாழ்க்கையை நான் பெரிதும் மதிக்கிறேன். எனினும் இந்த வினாவுக்கு நிறைவான விடை இன்றுவரை கிடைக்கவில்லை என்றே கருதுகிறேன். 18 வயதில் வெளியேற விரும்பும் ஒருவருக்கு எட்டாம் வகுப்புச் சான்றோடு முன்னே நிற்கும் உலகம் மிகக் கடினமானது.

வரி கட்டுகிறார்களா? மருத்துவச் செலவுக்கு என்ன செய்கிறார்கள்?

வருமான வரி, சொத்து வரி எல்லாம் கட்டுகிறார்கள். தம் பிள்ளைகள் போகாத பொதுப்பள்ளிக்கான வரியும் அதில் சேரும். சமூகப் பாதுகாப்பு என்ற அரசு ஓய்வூதியத் திட்டத்தில் மட்டும் சேர மறுத்தார்கள், ஏனெனில் முதியோரைக் காப்பது சபையின் கடமை. 1961-இல் மேற்குப் பென்சில்வேனியாவில் இந்த வரியைக் கட்ட மறுத்த ஒரு விவசாயி வயலில் உழுதுகொண்டிருந்தபோது, அதிகாரிகள் வந்து மூன்று குதிரைகளை ஏரிலிருந்து அவிழ்த்துக்கொண்டு போனார்கள். அந்தச் செய்தி பெரும் கண்டனத்தை எழுப்பியது. 1965-இல் சுயதொழில் செய்யும் ஆமிஷ் மக்களுக்கு நாடாளுமன்றம் விலக்களித்தது.

பெரும்பாலானோர் வணிக முறையிலான காப்பீடு எடுப்பதில்லை. பெரிய மருத்துவச் செலவு வந்தால் சபை நிதி திரட்டும்; ஏலங்கள் நடத்தும். தீப்பிடித்த கொட்டகையை நூற்றுக்கணக்கானோர் கூடி ஒரே நாளில் எழுப்பிவிடுவதும் இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதியே. நவீன மருத்துவத்தை அவர்கள் வெறுப்பதில்லை. சில நூறு முன்னோர்களிடமிருந்தே பெருகியவர்கள் என்பதால் அரிய மரபு நோய்கள் அவர்களிடையே அதிகம். பிறந்தபோது நலமாயிருந்த குழந்தைக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்த ஓரிரு நாளில் மூளை பாதிக்கப்பட்டு, கை கால் இயக்கமே குலைந்துபோகும் குளூட்டாரிக் அசிடீமியா அவற்றுள் ஒன்று. இந்த நோய்களுக்காகவே மருத்துவர் ஹோம்ஸ் மார்ட்டன் 1989-இல் பென்சில்வேனியாவின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் மரக் கட்டடத்தை ஆமிஷ், மெனோனைட்டுத் தச்சர்களே எழுப்பித் தந்தார்கள். வீட்டில் மின்விளக்கு இல்லாத தாய், மரபணுச் சோதனை நடத்தும் ஆய்வகத்தின் முன் கட்டிய குதிரை வண்டியிலிருந்து குழந்தையோடு இறங்குகிறாள். முன்னதாகவே கண்டறிந்து உணவும் சிகிச்சையும் முறைப்படுத்தினால் பெரும்பாலான குழந்தைகளை அந்தப் பாதிப்பிலிருந்து காக்க முடிகிறது.

ரம்ஸ்பிரிங்கா என்பது கட்டற்ற களியாட்டக் காலமா?

தொலைக்காட்சிகள் அப்படிக் காட்டின. அந்தச் சொல்லுக்குச் 'சுற்றித் திரிதல்' என்று பொருள். 16 வயதில் தொடங்கி ஞானஸ்நானம் அல்லது திருமணத்தோடு முடியும் பருவம் அது. பெரும்பாலான இளைஞர்களுக்கு ஞாயிறு மாலைகளில் கூடிப் பாடுவதும், கைப்பந்து விளையாடுவதும், துணை தேடுவதும்தான் ரம்ஸ்பிரிங்கா. குடி, கைப்பேசி, ரகசியமாக ஒரு கார் என்று போகிறவர்களும் உண்டு. ஞானஸ்நானம் பெறாதவர் மேல் சபைக்கு அதிகாரமில்லை என்பதால் பெற்றோர் பொறுத்துக்கொண்டு காத்திருப்பார்கள். இறுதியில் 85 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் சபையிலேயே சேர்கிறார்கள்.

சேராதவர்களை ஒதுக்கிவைக்கிறார்களா?

ஞானஸ்நானம் பெறாமலே விலகியவரை ஒதுக்குவதில்லை. அவர் வீட்டுக்கு வரலாம், போகலாம். முழங்காலிட்டு வாக்குக் கொடுத்துச் சபையில் சேர்ந்த பிறகு அதை முறித்தவருக்குத்தான் 'மைடுங்' என்ற விலக்கம். அவரோடு ஒரே மேசையில் உண்ணக்கூடாது, அவர் கையிலிருந்து எதையும் வாங்கக்கூடாது. பிரிந்துபோன மகன் ஊருக்கு வரும் நாளில், இரண்டு மேசைகளை ஒரு விரற்கடை இடைவெளி விட்டு நிறுத்தி, மேலே ஒரே விரிப்பை விரித்துவிடும் தாய்மார்கள் உண்டு. விதியும் மீறப்படவில்லை, பிள்ளையும் பக்கத்தில் அமர்ந்து சாப்பிடுகிறான். அந்த விரிப்பின் அடியில் இருக்கும் இடைவெளியின் வலி, இரு பக்கத்தில் அமர்ந்தவர்களுக்கும் தெரியும்.

இந்தச் சமூகத்தில் குற்றங்களே இல்லையா?

இருக்கின்றன, அவற்றை மறைத்து எழுதுவது அந்த மக்களுக்குச் செய்யும் நன்மை ஆகாது. வீட்டுக்குள் நடந்த பாலியல் கொடுமைகளைச் சபைக்குள்ளேயே பேசி முடித்து, ஆறு வாரம் விலக்கி வைத்து, பாவ அறிக்கைக்குப் பின் மன்னித்து, பாதிக்கப்பட்ட பெண்ணையும் மறந்துவிடச் சொன்ன நிகழ்வுகள் வெளிவந்திருக்கின்றன. வெளியேறிய பெண்கள் துணிந்து பேசியதால் நீதிமன்றத் தண்டனைகளும் கிடைத்திருக்கின்றன. 2011-இல் ஓஹாயோவில் பிரிந்துபோன ஒரு சிறு குழுவினர் மற்ற ஆமிஷ் மக்களின் வீடுகளுக்குள் புகுந்து தாடியையும் தலைமுடியையும் வெட்டி அவமானப்படுத்தினார்கள். மன்னிப்பும் கீழ்ப்படிதலும் உயர்ந்த அறங்களாக இருக்கும் இடத்தில், வலியவர் அவற்றைக் கேடயமாக்கிக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது.

2006-இல் நடந்த பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு கொலையாளியை மன்னித்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. 2006 அக்டோபர் 2 அன்று, லான்காஸ்டர் மாவட்டத்தின் நிக்கல் மைன்ஸ் ஊர்ப் பள்ளியில், அந்தப் பகுதியில் பால் வண்டி ஓட்டிவந்த, ஆமிஷ் அல்லாத ஒருவர் புகுந்து பத்துச் சிறுமிகளைச் சுட்டார், ஐவர் இறந்தார்கள். பிறகு தம்மையும் சுட்டுக்கொண்டார். அன்று மாலைக்குள் ஆமிஷ் அயலார் அவருடைய மனைவியையும் பெற்றோரையும் தேடிச் சென்று, உங்கள்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை என்று சொன்னார்கள். தம் பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வந்தவர்களும் அவருடைய அடக்கத்துக்குச் சென்றார்கள். உலகெங்கிலுமிருந்து வந்த நன்கொடையில் ஒரு பங்கு அவருடைய குடும்பத்துக்கும் போனது. பத்து நாட்களில் அந்தப் பள்ளிக் கட்டடம் இடிக்கப்பட்டு, இடம் புல்வெளியாக்கப்பட்டது. அடுத்த ஏப்ரலில் சற்றுத் தொலைவில் புதுப் பள்ளி திறக்கப்பட்டது.

மன்னித்ததால் துயரம் குறைந்துவிடவில்லை. மன்னிப்பு ஒரு முறை எடுத்து முடிகிற முடிவாக இல்லை, நாள்தோறும் திரும்ப எடுக்க வேண்டியிருக்கிறது என்று அந்தப் பெற்றோர் பின்னாளில் பேசினார்கள்.

இந்த வாழ்க்கை முறை அழிந்துவருகிறதா?

மாறாக, வளர்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆமிஷ் மக்கள் சில ஆயிரம் பேரே இருந்தார்கள். இப்போது ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்களின் எண்ணிக்கை இரட்டிக்கிறது. வெளியிலிருந்து வந்து சேர்பவர்கள் மிகமிகக் குறைவு. அதிகக் குழந்தைகளும் அவர்கள் சபையிலேயே தங்குவதும்தான் காரணம். அவர்களின் ஊர்ச் செய்திகளைத் தாங்கி, ஓஹாயோவின் சுகர்கிரீக்கிலிருந்து 1890 முதல் வரும் 'த பட்ஜெட்' வார இதழ் இன்னும் அச்சில் வந்துகொண்டிருக்கிறது: யார் வீட்டில் பிறப்பு, எங்கே ஆலங்கட்டி மழை, யார் விருந்தாளி.

லான்காஸ்டருக்குச் சுற்றுலா செல்கிறோம். எப்படி நடந்துகொள்வது?

முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். குழந்தைகளிடம் அனுமதி கேட்பதும் சரியன்று, அவர்களால் மறுத்துப் பேச முடியாது. பண்ணை வாயிலில் கைப்பட எழுதிய பலகை இருந்தால் உள்ளே சென்று முட்டை, காய்கறி, மெத்தைவிரிப்பு வாங்கலாம். பலகை இல்லாத வீடு வெறும் வீடு, அங்கே நுழையாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை எந்த ஆமிஷ் கடையும் திறந்திருக்காது. வசந்த காலத்தில் சென்றால், ஊர்த் தீயணைப்பு நிலையங்களுக்கு நிதி திரட்ட நடக்கும் 'சேற்றுச் சந்தை' ஏலங்களைப் பாருங்கள். ஆமிஷ் மக்களும் மற்றவர்களும் இயல்பாகத் தோள் உரசி நிற்கும் இடம் அது.

சாலையில்தான் மிகுந்த கவனம் தேவை. 50 மைல் வேகத்தில் வரும் காருக்கு முன்னால் குதிரை வண்டி அசையாமல் நிற்பது போலவே இருக்கும். மேட்டின் மறுபக்கத்தில் பின்னாலிருந்து கார் மோதி இறந்த குடும்பங்கள் பல. பின்புறம் ஆரஞ்சு நிற முக்கோணத்தைக் கண்டதும் வேகத்தைக் குறையுங்கள். மிகக் கட்டுப்பாடான சில பிரிவினர் அந்தப் பளிச்சிடும் முக்கோணத்தையும் ஏற்காமல் சாம்பல் நிறப் பட்டையும் லாந்தரும் மட்டும் வைத்திருப்பார்கள் என்பதால், இருட்டிய பிறகு இன்னும் மெதுவாகச் செல்லுங்கள். முந்தும்போது ஒலிப்பானை அழுத்தாதீர்கள். குதிரை மிரளும், வண்டியின் பின்னால் கால்களைத் தொங்கவிட்டுக் குழந்தைகள் உட்கார்ந்திருப்பார்கள்.